கறுப்புப் பெட்டிக்குள் ஒரு வெளிச்சம்

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம், விண்வெளித் தொலைநோக்கிக்கான உணர்கருவிகளைச் சோதிக்கிறேன் என்று சொன்னால் முகம் மலரும். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அப்படியா? என்ன பாத்தீங்க?" அந்த ஆண்டு எங்கள் வேலையே ஒன்றையும் பார்க்காமல் இருப்பதுதான் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவர்கள் தே தாரிக் தேநீரைக் குடித்து முடித்திருப்பார்கள்.

என் கணவர் மட்டும் ஒருமுறை கடைசிவரை கேட்டார். அவர் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் சொல்வதை இடையில் வெட்டாமல் கேட்டுப் பழகியவர். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

விண்மீன்கள் பிறக்கும் இடங்களைத் தூசி மூடியிருக்கும். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தூசி லேசாகச் சூடேறி, தூர அகச்சிவப்பு என்னும் ஒளியை வெளியிடும். அந்த ஒளி பூமிக்கு வந்தால் காற்றிலுள்ள ஈரம் அதைக் குடித்துவிடும். ஆகவே தொலைநோக்கி விண்வெளிக்குப் போயே ஆகவேண்டும். அங்கும் ஒரு தொல்லை. கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் எந்தப் பொருளும் அதே ஒளியைத் தானும் வீசும். என் கை, இந்த மேசை, சுவர், எல்லாமே அந்த ஒளியில் பளிச்சென்று தெரியும். அதனால் தொலைநோக்கியைக் குளிர வைக்கிறார்கள். உணர்கருவியை அதைவிட அதிகமாக, அதற்குக் கீழே குளிரே கிடையாது என்ற எல்லையைத் தொடும் அளவுக்குக் குளிர வைக்கிறார்கள். அந்தக் குளிரில் அதன்மேலிருக்கும் அலுமினியப் படலம் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும். ஒரு துளி ஒளி விழுந்தாலும் அந்த அமைதி கலையும். அந்தக் கலக்கத்தைத்தான் நாங்கள் அளக்கிறோம்.

"இவ்வளவு கூர்மையான கருவியை நம்பணும்னா, முழு இருட்டுல வச்சா அது சும்மா இருக்கணும். இருட்டுல ஏதாவது தெரியுதுன்னு சொல்லிச்சுன்னா, நாளைக்கு நட்சத்திரம்னு அது சொல்றத யாரு நம்புவா?" என்றேன்.

"அப்ப ஒன்னும் தெரியலன்னாதான் பாஸா?"

"ஆமா."

"என் கிளாஸ்ல பாதிப் பேரு பாஸாயிடுவான் லா" என்றார்.

நான் சில ஆண்டுகள் வெளிநாட்டில், இந்த உணர்கருவிகளைச் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். திருமணத்துக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியபோது, அவர்களோடு சேர்ந்து செய்யும் வேலையில் ஒரு சிறு பங்கை இங்கே கொண்டுவந்தேன். உணர்கருவிகள் பதித்து அவர்கள் செய்யும் சில்லுகளில் சிலவற்றை இருட்டுச் சோதனைக்கு எங்களிடம் அனுப்புவார்கள். சிலருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. கோலாலம்பூரின் புழுக்கத்தில், பிற்பகல் தவறாமல் மின்னல் வெட்டும் ஊரில், இப்படி ஒரு வேலையா என்றார்கள். அவர்கள் வாயால் சொல்லாததும் எனக்குக் கேட்டது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். நாங்கள் மூன்று பேர். தலைவி ஒரு மலாய்ப் பேராசிரியை. குரல் உயர்த்தாதவர், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். மின்னணு வேலைகளுக்கு ஓர் அண்ணன். சுங்கை பூலோவில் வீடு. இங்கே வருவதற்கு முன் மருத்துவமனை ஸ்கேன் இயந்திரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். மூன்றாவது நான்.

அறையின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு உலோக உருளை நிற்கும். அதற்குள்தான் குளிர். முறையான பெயர் இருந்தாலும் நாங்கள் அதைத் தோங் என்றே சொல்வோம், வீட்டில் கேஸ் சிலிண்டரைச் சொல்வது போல. குளிரூட்டும் இயந்திரம் மூச்சுத் திணறும் பறவை மாதிரி ஓயாமல் கீச்சிடும். முதல் வாரம் தலை வலிக்கும். பிறகு அந்தச் சத்தம் நின்றால்தான் பயமாக இருக்கும்.

தோங்கின் அடிவயிற்றில் ஒரு செப்புப் பெட்டி, அதற்குள் சில்லு. பெட்டியின் உட்புறம் எந்த ஒளி வந்தாலும் விழுங்கிவிடும் கறுப்பாக இருக்கவேண்டும். அந்தக் கறுப்பு என் பொறுப்பு. பசையில் கரித்தூளையும் சொரசொரப்பான பொடியையும் கலந்து, காற்றுக்குமிழி இல்லாமல் பூசி, காயவைத்து எடுக்கவேண்டும். குளிரில் அது உரியக்கூடாது, விரிசல் விடக்கூடாது. வெளிநாட்டில் இதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். இங்கே முதல் பெட்டியைப் பூசிய நாளில் மழை வருவதற்கு முந்தைய புழுக்கம். ஈரம் வாங்கும் இயந்திரத்தின் வாளி நிரம்பிக்கொண்டே இருந்தது. பூசி முடித்து விளக்கடியில் பார்த்தேன். கிணற்றுக்குள் பார்ப்பது போல இருந்தது. திருப்தியாகத்தான் இருந்தது.

முதல்முறை குளிர வைத்தோம். அதற்கே பல நாள் ஆகும். எல்லை அருகே போனதும் சில்லு விழித்தது. ஒவ்வொரு உணர்கருவியும் தன் சுருதியில் பேசியது. மூவரும் கைகுலுக்கிக்கொண்டோம். பிறகு இருட்டு அளவை எடுத்தேன். திரையில் கோடு இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. மேலே நின்றது.

எங்கோ வெளிச்சம் இருந்தது. எங்கள் கண் ஒருநாளும் காணமுடியாத அளவு சொற்பம். ஆனால் அந்தச் சில்லுக்கு அது போதும். முழு இருட்டில் இருக்கவேண்டியது, கதவிடுக்கில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பெயிண்ட்தான்" என்றார் அண்ணன்.

அது பெயிண்ட் இல்லை என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். எனக்கும் அதே பயம்தான்.

தோங்கைச் சூடாக்கித் திறந்தோம். கறுப்பில் ஒரு விரிசலும் இல்லை. ஆனாலும் முழுவதையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினேன். மூடியின் விளிம்புகளில் ஒளி நுழையாதபடி இன்னும் கவனமாகப் பூசினேன். கேபிள் நுழையும் துளைகளை அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்து அடைத்தார். பெட்டியின் குளிரையும் கண்காணிப்பது நல்லது என்று பேராசிரியை முதலிலேயே சொல்லியிருந்தார். அதற்காக அதன் உட்சுவருக்கருகே அண்ணன் ஒரு வெப்பமானி வைத்திருந்தார். அதையும் சுத்தம் செய்து திரும்பப் பொருத்தினார். மறுபடி குளிர வைத்தோம். கோடு அதே இடத்தில் நின்றது. ஒரு முடி அளவுகூட இறங்கவில்லை.

புதுப்பூச்சுக்கும் பழையதுக்கும் ஒரே அளவு வருகிறதென்றால் பூச்சு காரணமில்லை என்று அப்போதே யோசித்திருக்கலாம். தூக்கம் கெட்ட மூளை அப்படி யோசிக்கவில்லை. என் கலவையே தப்பு, இந்த ஊர் ஈரம் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டது, அதனால்தான் இரண்டு முறையும் ஒரே குறை என்று அது முடிவுகட்டியது. காலையில் கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டிதான் மனதில். கணவர் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நான் சாப்பிடத் தொடங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார்.

வெளிநாட்டுக்காரர்கள் மரியாதையாகத்தான் எழுதினார்கள். அட்டவணை நெருக்குகிறது, இந்தமுறையும் சரிவராவிட்டால் இருட்டுச் சோதனையை வேறு நாட்டுக் கூடத்துக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார்கள். பேராசிரியை என்னை அறைக்கு அழைத்தார். இன்னும் ஒரே ஒருமுறை குளிர வைப்போம், அதன்பிறகு பெட்டியை அவர்களிடமே அனுப்பிப் பூசச் சொல்லலாம் என்று மிக மெதுவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவிக்கொண்டேன்.

அண்ணன் பெட்டியை அனுப்ப ஏற்ற அளவில் ஒரு மரப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதை மேசைக்கடியில் தள்ளினார்.

"மறைக்க வேணாம்ணே. பாத்துட்டேன்."

"சும்மா அளவு பாத்தேன்மா. அனுப்புவோம்னு யாரு சொன்னா?"

"நீங்கதானே முதல் நாள்லேர்ந்து பெயிண்ட் பெயிண்ட்னு சொல்றீங்க."

அவர் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து என் மேசையில் ஒரு பொட்டலம் கச்சான் கடலை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் முறையும் குளிர்ந்தது. கோடு மேலேயே நின்றது. எனக்கு அழுகைகூட வரவில்லை. கிடைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய அளவுகளையாவது எடுத்து வைப்போம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அன்று பிற்பகல் வானம் இருண்டது. நாள்தோறும் நடப்பதுதான். மழை இறங்குவதற்கு முன்பே முதல் இடி கட்டடத்தின் தலையிலேயே விழுந்தது போல வெடித்தது. விளக்குகள் அணைந்தன. நான் எழுந்துவிட்டேன். காது கீச்சொலியைத் தேடியது. அது இருந்தது. குளிரூட்டும் இயந்திரம் வேறொரு மின்தொடரில் இருந்ததால் தப்பியது. என் அளவைக் கருவிகளைத் தாங்கிய மின்கலப் பெட்டி பீப் பீப் என்று கத்தினாலும் வேலை செய்தது. சில நொடிகளில் விளக்குகளும் திரும்பி வந்தன.

அப்பாடா என்று திரையைப் பார்த்தேன். கோட்டைக் காணவில்லை.

மேலே நின்றிருந்த கோடு கீழே கிடந்தது. மெல்லியதாக, அசைவில்லாமல். மின்னல் கேபிள் வழியாகப் போய்ச் சில்லைக் கொன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். இந்தச் சில்லு எங்களுடையதுகூட இல்லை. வெளிநாட்டில் யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தது.

"அண்ணே!" என்று நான் கத்தியது பக்கத்து அறைவரை கேட்டிருக்கும். "அண்ணே, சில்லு செத்துப்போச்சுண்ணே!"

அண்ணன் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தார். "தொடாத. எதையும் தொடாத. முதல்ல சுருதி எடு, இருக்கா பாரு."

உணர்கருவிகளின் சுருதிகளைத் தேடவிட்டேன். செத்திருந்தால் திரை வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு சுருதிக்கும் ஒன்றாக, இடமிருந்து வலமாகப் பள்ளங்கள் விழுந்துகொண்டே வந்தன. எல்லாம் இருந்தன. முன்பைவிடக் கூர்மையாக இருந்தன.

"உயிரோட இருக்கு" என்றேன்.

"அப்ப கோடு ஏன் கீழ எறங்குச்சு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். உள்ளே இருந்த வெளிச்சம் போய்விட்டது. இதைச் சத்தமாகச் சொல்ல இருவருக்கும் பயமாக இருந்தது.

அண்ணன் அறையைச் சுற்றி மெதுவாக நடந்தார். மின்சாரம் போனபோது எதெல்லாம் அணைந்தது, எதெல்லாம் தானாகத் திரும்பி வரவில்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மூலையில் இருந்த கணினித் திரை அணைந்திருந்தது. அதைப் போட்டார். "பாரு."

"ஒன்னும் இல்ல. கீழதான் இருக்கு."

மேசை விளக்கைப் போட்டார். கோடு அசையவில்லை. அடுத்து அவர் கை நின்ற இடம், வெப்பமானியை இயக்கும் சிறு பெட்டி. மின்கலத்தில் இடமில்லாததால் அது சுவர் பிளக்கில் இருந்தது. மின்சாரம் திரும்பினாலும் அதைக் கையால்தான் போடவேண்டும்.

"போடறேன்" என்றார்.

டக் என்ற சத்தம். கோடு எழும்பி, பழைய இடத்தில் போய் நின்றது.

அவர் அணைத்தார். கோடு விழுந்தது. போட்டார். எழுந்தது. மூன்றாம் முறை நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தெர்மாமீட்டர்" என்றார். "ஸ்டோர்ல இருந்த டயோட் டைப்ப எடுத்து வச்சேன்மா. எல்.இ.டி. பல்பும் டயோட்தான லா. அந்தக் குளிருல கரண்ட் விட்டா அதுவும் துளி எரியும். இது எனக்குத் தெரியாத விஷயமா? ஆனா குளிரு அளக்க வச்சது உள்ள லைட்டடிச்சுட்டு உக்காந்திருக்கும்னு யாரு நெனச்சா?"

வெளிநாட்டில் நாங்கள் வேறு வகை வெப்பமானியைப் பயன்படுத்தினோம், அது எரியாது. அதனால் எனக்கும் அது தோன்றவே இல்லை. ஒவ்வொரு முறையும் தோங்கைத் திறந்தபோது அதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதைத் தாண்டித்தான் பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறேன்.

"இப்ப சொல்லுங்கண்ணே. பெயிண்டா?"

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்தால் பெருந்தன்மையாக இருந்திருக்கும். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவருக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு நிற்கவில்லை. நானும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு சத்தம் கேட்டுத்தான் பேராசிரியை வந்தார்.

எழுந்து நின்று அவரிடம் எல்லாவற்றையும் அண்ணனே சொன்னார். தான் வைத்த வெப்பமானி என்பதைத்தான் முதலில் சொன்னார். பேராசிரியை அந்தச் சுவிட்சைத் தானே ஒருமுறை போட்டு அணைத்துப் பார்த்தார். கோடு சொன்னபடி கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிவிட்டு என் தோளில் கைவைத்தார். கை சற்று நேரம் அங்கேயே இருந்தது. அந்த வெப்பமானியை வைக்கச் சொன்னது தான்தான் என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

நான் வராந்தாவுக்குப் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கணவரை அழைத்தேன். அவர் ஹலோ என்றதும் மூக்கை உறிஞ்சினேன்.

"என்னாச்சு? அழறியா?" என்றார். பிறகு அவசரமாக, "சரி விடு. போனா போகுது. பெட்டிய அனுப்பிட்டா அனுப்பட்டும். நீ வேற வேல பாத்துக்கலாம், பள்ளிக்கூடத்துல சயன்ஸ் டீச்சர் பத்தல லா."

"இல்லீங்க. பெயிண்ட் இல்ல."

"என்ன?"

"பெயிண்ட் இல்லீங்க. என் பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. மறுமுனையில் நீளமாக ஒரு பெருமூச்சு மட்டும் கேட்டது. அவரும் இத்தனை நாள் அதை அடக்கி வைத்திருந்திருக்கிறார்.

வெப்பமானியை அணைத்துவிட்டு, கருவிகளைத் தாமாக அளக்கவிட்டுக் கிளம்பினோம். மறுநாள் காலை நான் வந்தபோது இருவரும் எனக்கு முன்பே திரை முன்னால் நின்றிருந்தார்கள். கோடு இரவு முழுக்கக் கீழேயே கிடந்திருந்தது. எங்களிடம் கேட்ட அளவைவிடக் கொஞ்சம் கீழே. கணக்கை மூவரும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தோம். ஒரே விடைதான் வந்தது. பேராசிரியை வெளிநாட்டுக்கு எழுதினார். வெப்பமானி விஷயத்தையும் ஒளிக்காமல் எழுதினார். மதியத்துக்கு முன்பே பதில் வந்தது. வாழ்த்து ஒரு வரி. அடுத்த தொகுதிச் சில்லுகளை எங்களுக்கே அனுப்புகிறோம் என்று ஒரு வரி. தங்கள் பழைய தோங் ஒன்றிலும் அதே வகை வெப்பமானி இருக்கிறது, ஓடிப்போய்ப் பார்க்கப்போகிறோம் என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்ததும் அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது. இரண்டுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

பேராசிரியை என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். பகல் வேளையில் கொமூட்டரில் கூட்டமே இல்லை. சன்னலோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்ததுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டினார்கள். துப்புரவு செய்யும் அக்கா. "இறங்கலையா? லாஸ்ட் ஸ்டேஷன்மா."

கிள்ளானில் இறங்கவேண்டியவள் துறைமுகம்வரை தூங்கிக்கொண்டே வந்திருந்தேன். வெளியே வெயில், உப்புக் காற்று. கணவரை அழைத்தேன். பள்ளி விட்டு அப்போதுதான் காரில் ஏறியிருந்தார்.

"எங்க இருக்க?"

"போர்ட் கிள்ளான்ல. தூங்கிட்டேன்."

"அங்கயே இரு. வரேன்."

நிலையத்துக்கு எதிரேயே படகுத்துறை. நண்டுத் தீவுக்கு, புலாவ் கெத்தாமுக்கு, போகிறீர்களா என்று ஒருவர் மலாயில் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு நிழலில் நின்றேன். கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை காலம் ஆகியும் அந்தத் தீவுக்கு நான் போனதே இல்லை. கணவர் வந்து காரை நிறுத்தினார். பள்ளிக்கூடச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"நல்லா தூங்கின முகம்" என்றார். "சாப்டியா?"

"இல்ல."

அவர் படகுத்துறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போவமா?"

"பயிற்சிப் புத்தகமெல்லாம் திருத்தணும்னு சொன்னீங்க?"

"அது எங்கயும் ஓடிடாது. வா."

படகின் உள்ளே குளிர்சாதனம் பலமாக ஓடியது. எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. மேல்தளத்துக்கு ஏறி வெயிலில் நின்றோம். கப்பல்களையும் அலையாத்திக் காட்டையும் தாண்டிப் படகு போனது. தீவில், கம்பங்கள்மேல் கட்டிய ஒரு கடையில், காரமாகப் பொரித்த நண்டு வந்தது. கணவர் ஓட்டை உடைத்து உடைத்துச் சதையை என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு கையாலும் சாப்பிட்டேன். வாரக்கணக்கில் அப்படிப் பசித்ததில்லை. தட்டு காலியானதும் கடைக்காரப் பெண்மணியிடம் இன்னொன்று சொன்னேன்.